மான் படுக்கும் புல்

சிங்கப்பூரில் புல் வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு கடமான் பகல் முழுக்க அசையாமல் படுத்துக் கிடப்பதற்குத் தோதாகப் புல்லும் புதரும் வளர்க்கத் தெரிந்தவர்கள் சொற்பம். நான் முதல் வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன். இரண்டாவதைக் கற்றுக்கொள்ளப் பாதி ஆயுள் ஆகிவிட்டது.

1990களின் நடுவில் வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெர்மிட்டில் வந்து இறங்கினேன். வந்த வாரமே தோளில் புல்வெட்டும் மெஷினை மாட்டிவிட்டார்கள். விரைவுச்சாலை ஓரம், வீவக அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றியுள்ள திடல், கால்வாய்ச் சரிவு என்று லாரி எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே வேலை. கல் தெறிக்கும், நாய்க்கழிவு தெறிக்கும். சூப்பர்வைசர் வந்து ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பார்: கணுக்காலுக்கு மேல் எங்காவது புல் நிற்கிறதா? நின்றால் மறுபடியும் மெஷினை எடு.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. 1967இல் பூந்தோட்ட நகரமாவோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய நாடு இது. லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் புல்லுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். 1978இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த நியூசிலாந்து நிபுணர் ஒருவர், இது மழைக்காட்டு மண், மரத்தை எடுத்துவிட்டால் மழை மேல்மண்ணையும் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும், புல் பச்சையாக நிற்க வேண்டுமானால் உரமும் சுண்ணாம்பும் விடாமல் போட வேண்டும் என்று சொன்னாராம். எங்கள் ஊர் உவர் மண்ணில்கூட அருகு தானாகப் படரும். இங்கே செம்மண் சரிவில் பத்தை பத்தையாகப் பதித்த கவ் கிராஸ், கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் மஞ்சளாகி, பிறகு அங்கங்கே மண் தெரிய ஆரம்பிக்கும். அப்படிப் பாடுபட்டு வளர்த்த புல்லை ஒழுங்காக வைத்திருக்கச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் ஓர் உயிர் படுக்க இடமில்லை என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு அது உறுத்தியதற்குக் காரணம் நான் பிறந்த இடம். எங்கள் பக்கத்துக் கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அமைந்தது. வெளிமான்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஆட்கள் நாங்கள். வெளிமான் திறந்த வெளியில் மேயும், ஓடித் தப்பிக்கும். குட்டி போட்டால் மட்டும் கதை வேறு. பிறந்த குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் விலகிப் போய்விடும். பால் கொடுக்க மட்டும் வந்து போகும். ஆள் பக்கத்தில் நடந்தாலும் குட்டி எழாது, மூச்சுக்கூட வெளியே தெரியாது. ஆடு மேய்க்கிற எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பக்கம் போகும்போது கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். சீமைக் கருவேலம் உள்ளே புகுந்து புல்வெளியைத் தின்ன ஆரம்பித்தபோது அவர்கள் கவலைப்பட்டது ஆட்டுக்கு மட்டுமல்ல.

சிங்கப்பூரில் வெளிமான் கிடையாது. கடமான் உண்டு. இந்தத் தீவின் பழைய குடி அது. வேட்டையாலும் காடழிந்ததாலும் போன நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அற்றுப்போனதாக எழுதிவைத்தார்கள். 1973இல் மண்டாயில் விலங்குத் தோட்டம் திறந்த பிறகு, அந்தப் பத்தாண்டில் அங்கிருந்து சில கடமான்கள் தப்பிக் காட்டுக்குள் போயின. இன்று மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் திரிபவை அவற்றின் வாரிசுகள். காட்டில் சருகுமானும் உண்டு. அது முயலளவுதான் இருக்கும், அதன் வாழ்க்கையெல்லாம் மரத்தடிச் சருகோடும் செடியோடும்தான்.

கடமானைப் பற்றி நாங்கள் முதலில் கேள்விப்பட்டதெல்லாம் விபத்துச் செய்தியாகத்தான். மண்டாய்ச் சாலையிலும் புக்கிட் தீமா விரைவுச்சாலையிலும் இரவில் கார் மோதி மான் செத்தது, மோட்டார்சைக்கிளில் போனவர் விழுந்தார் என்று. காட்டுக்குள் இருக்க வேண்டிய மிருகம் ஏன் தார்ச்சாலைக்கு வருகிறது என்று கேண்டீனில் பேசிக்கொள்வோம். உப்புக்கு வருகிறது என்பார் ஒருவர், வெளிச்சத்துக்கு என்பார் இன்னொருவர். எனக்குப் பட்டது வேறு. சாலையோரப் புல்லை நாங்கள் முறை வைத்து வெட்டிக்கொண்டே இருக்கிறோம். வெட்டிய புல் ஒரு மழையில் துளிர்க்கும். அந்தத் துளிர்தான் மானுக்குக் கிடைக்கிற ருசியான தீனி. அடர்ந்த காட்டுக்குள் வெயில் விழாததால் நல்ல புல்லே இருக்காது. தீவிலேயே சிறந்த மேய்ச்சலை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் போகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். அதற்குச் சம்பளமும் வாங்கினோம்.

நீலகிரியை நினைத்துப் பாருங்கள். அங்கே கடமான் பகலில் சோலைக்குள் படுத்திருக்கும், அந்தி சாய்ந்ததும் புல்வெளிக்கு வரும். சோலையும் புல்லும் ஒட்டி இருப்பதால் அதற்குப் பிழைப்பு. படுக்கிற இடமும் மேய்கிற இடமும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவாக அது அலையும். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஆறு வழிச் சாலை. ஆகவே மானுக்காகச் செடி வைப்பவன் முதலில் கேட்க வேண்டியது எதை நடலாம் என்றல்ல. எது எங்கே இருக்கக் கூடாது என்றுதான். சாலைப் பக்கம் துளிர்ப்புல் கூடாது, அங்கே மானுக்குப் பிடிக்காத செடியும் வேலியும் போதும். மேய்ச்சலும் மறைவும் காட்டின் உள்பக்கம்.

இதைப் பேசக்கூடிய இடத்துக்கு நான் வந்தது 2000களில். சூப்பர்வைசர் ஆகி, சான்றிதழ்ப் படிப்பு முடித்து, காட்டோரத்து ஒப்பந்த வேலைகளுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். தாவரவியல் படித்த இளம் பெண் அதிகாரி ஒருவர் ஒரு நாள், இந்த ஓரத்தில் நான்கு மீட்டர் அகலத்துக்கு வெட்டாதீர்கள் என்றார். எங்கள் பையன்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அண்ணே, அப்புறம் புல்லு நிக்குதுன்னு இவங்களே ஃபைன் போடுவாங்க" என்றான் ஒருவன். எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டோம். சில மாதத்தில் அந்தப் பட்டையில் சில்லைகள் விதை தின்ன வந்தன. தூக்கணாங்குருவி கினிப்புல் இலையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பக்கி தரையிலேயே முட்டை இட்டு உட்கார்ந்திருந்தது. மிதிக்கப் போகிற கடைசி நொடி வரை அது எழவே இல்லை. கோடியக்கரைக் குட்டிகளும் அப்படித்தான் கிடக்கும்.

வெட்டாமல் விடுவது சுலபம். நட்டு உண்டாக்குவதுதான் வேலை. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் மான் படுக்கவென்றே ஏக்கர் கணக்கில் சுவிட்ச் கிராஸ் விதைக்கிறார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். ஆள் உயரத்துக்கு வளரும், குளிர்காலப் பனியிலும் சாயாமல் நிற்கும். அதன் விதை முளைக்கக் குளிர் பட வேண்டும் என்பதால் குளிர்காலக் கடைசியில் உறைந்த மண் மேலேயே தூவிவிடுவார்களாம். கேட்க நன்றாக இருந்தது. நமக்கு உதவாது. இங்கே குளிரும் இல்லை, புல் புல்லாகவே நிற்கவும் செய்யாது. வெயில் பட்ட இடத்தில் எது நட்டாலும் இரண்டு வருஷத்தில் கொடியும் மரக்கன்றும் ஏறிவிடும். நிழல் விழுந்ததும் புல் செத்துவிடும். இந்த ஊரில் புல் நடுகிறவன், பத்து வருஷத்துக்குப் பிறகு அங்கே என்ன நிற்கும் என்றும் சேர்த்து யோசித்துத்தான் நட வேண்டும்.

லாலான் என்கிற புல் யாரும் நடாமலே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் கேம்பியரும் பயிரிட்டு, மண் செத்ததும் விட்டுப்போன நிலங்களில் தீவெங்கும் லாலான் மண்டிக் கிடந்ததைத் தாவரவியல் தோட்டத்தின் நத்தானியல் கேன்ட்லி 1880களிலேயே காட்டறிக்கையில் எழுதினார். இடுப்பு உயரம் வரும், மறைவு தரும். ஆனால் முற்றினால் தீனிக்கு ஆகாது. காய்ந்தால் நெருப்பு. 2014 பிப்ரவரியில் அது நன்றாகப் புரிந்தது. 1869இலிருந்து வைத்திருக்கிற மழைக்கணக்கில் ஆக வறண்ட மாதம் அது. கவ் கிராஸ் முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது. லாலான் நின்ற இடங்களில் புகை வந்தால் ஓடிப்போய் அணைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு லாலானை நான் தனியாக ஒரு பரப்பாக விடுவதே இல்லை. நடுவில் பச்சைப் புதர்களை வைத்துத் துண்டு துண்டாகத்தான் விடுவேன்.

சரிவில் வெட்டிவேர். அதன் வேர் நேராக மூன்று மீட்டர்கூடக் கீழே இறங்கும், மண்ணைப் பிடிக்கும். நாங்கள் நடுகிற வகை விதையால் பரவாது. தூர் பிரித்து, சாண் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட வேண்டும். மழைக்காலம் தொடங்கும்போது, அதாவது அக்டோபர் கடைசியில், நட்டால் தண்ணீர் ஊற்றுகிற செலவு மிச்சம். ஊரில் நாற்று நட்டவனுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வங்காளதேசத்துத் தம்பிகள் என்னைவிட வேகமாக நடுவார்கள். முற்றிய வெட்டிவேரை மான் அவ்வளவாகச் சீண்டாது. படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிற செடி தீனியாக இருந்தால் ஒரு பருவத்தில் மறைவே காலியாகிவிடும். சுவர் தின்னப்படக் கூடாது.

கூரைக்கு சிம்போ ஆயர். பெரிய இலை, மஞ்சள் பூ, ஓரக்காட்டில் தானாகவே வரும். நெருக்கமாக வளர்ந்து மேலே குடை பிடிக்கும், அடியில் வெறும் தரை இருக்கும். அந்த வெறும் தரைதான் மிருகத்துக்கு வேண்டியது. பூந்தோட்டக்காரர்களுக்கு இது புரிய நாளாகும். அவர்கள் இடைவெளி தெரியாமல் நிரப்பி நடுவார்கள். அப்படி நிரப்பிய இடத்தில் கடமான் நுழையவே நுழையாது. இருநூறு கிலோ வரை வளர்கிற உடம்பு, கிடாவுக்குக் கொம்பு வேறு. குத்துக் குத்தாக நட்டு, நடுவில் இரண்டு மூன்று மீட்டர் காலியாக விட்டு, வெளியேற இரண்டு வழியாவது வைக்க வேண்டும். பின்பக்கம் மேடோ அடர்ந்த புதரோ, முன்பக்கம் பார்வை. நிழல் விழுகிற உள்பகுதியில் புல்லுக்குப் பதில் லெம்பா வைப்போம். தென்னங்கன்று மாதிரி மடிப்பு மடிப்பான இலை, தரையோடு நிற்கும். சருகுமானுக்கும் அது போதும்.

வேலை பலித்ததா என்று பார்க்க மிருகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. படுத்த இடத்தில் புல் முட்டை வடிவில் அமுங்கியிருக்கும். சருகு நசுங்கி, சில சமயம் ஒன்றிரண்டு முரட்டு முடி ஒட்டியிருக்கும். பக்கத்தில் புழுக்கை. முதன்முதலில் நான் நட்ட புதருக்குள் அப்படி ஓர் அமுங்கலைப் பார்த்தபோது கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. ஆனாலும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன், உட்கார மனமில்லை.

காட்டுப்பன்றிக்கு இந்த உபசாரமெல்லாம் தேவையில்லை. மண்புழுவுக்காகப் புதிதாகப் பதித்த கவ் கிராஸை ஒரே இரவில் உழுதுபோட்டுவிடும். சினைப்பன்றி குட்டி போடப் புல்லையும் மரக்கன்றையும் ஒடித்துக் குவித்து மெத்தை கட்டும். மலேசியாவில் பாசோ காட்டில் இப்படி ஒடிபடுகிற கன்றுகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நாங்கள் அக்கறையாக நட்ட கன்றுகள் ஒரு குவியலாகக் கிடந்தால் பையன்களுக்குக் கோபம் வரும். குவியலைக் கலைக்கப் போகாதே, தாய் உள்ளே இருந்தால் தொடையைக் கிழித்துவிடும் என்று அதட்டி இழுத்து வர வேண்டும். நட்டதை யார் எடுத்துக்கொள்வது என்று நாம் தீர்மானிக்க முடியாது.

மிருகங்கள் சாலையைக் கடக்கக் கட்டிய பாலங்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை, காட்டை இரண்டாகப் பிளந்தது. அலங்குகள் வருஷாவருஷம் அதில் அடிபட்டுச் செத்தன. அந்தச் சாலைக்கு மேல் கட்டிய பசுமைப் பாலம் 2013இல் முடிந்தது. 62 மீட்டர் நீளம், ஆகக் குறுகலான இடத்தில் 50 மீட்டர் அகலம். மண் கொட்டி, உள்ளூர் மரங்களும் புதர்களும் நட்டார்கள். அலங்கு அதில் கடந்ததைக் கேமரா பதிவு செய்திருக்கிறது. மண்டாய் லேக் சாலைக்கு மேல் 44 மீட்டர் அகலத்தில் இன்னொரு பாலம் 2019 டிசம்பரில் வந்தது. சருகுமானும் கடமானும் அதைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் நான் வேலை செய்ததில்லை. வெளியாளாகச் சொல்கிறேன்: பாலம் நல்ல காரியம், ஆனால் படம் எடுக்கிறவர்கள் பாலத்தையே எடுக்கிறார்கள். இரண்டு முனையிலும் படுக்க இடம் இல்லாவிட்டால் எந்த மிருகமும் அந்தப் பக்கம் ஒதுங்காது. அந்த முனைகளில் நடுகிற வேலைக்கு ரிப்பன் வெட்டுகிற வழக்கம் இல்லை.

கிராஞ்சியில் நிலைமை தலைகீழ். 2016 பிப்ரவரியில் திறந்த கிராஞ்சி சதுப்புநிலத்தில் நீலத் தாழைக்கோழி மாதிரிப் பறவைகளுக்குப் புல்லும் வேண்டும், புல் இல்லாத தண்ணீரும் வேண்டும். அங்கே மண்டியதை எடுப்பதுதான் பராமரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா வட்டாரத்தில் கூடும்போது ஊர்க்காரர்களிடம் என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். "புல்லை வெட்டாம விட்டதுக்கு உனக்குச் சம்பளம், வெட்டுன எங்களுக்கும் சம்பளம். நல்லா இருக்குய்யா இந்த ஊரு!" என்பார் கட்டுமானத்தில் இருக்கிற ஒரு சித்தப்பா முறை. நாங்கள் நின்று பேசுகிற பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மாட்டுப்பட்டி. ரோச்சோர் கால்வாயை ஒட்டிய ஈரநிலமும் புல்லும்தான் மாட்டு வியாபாரத்தையும், அதன் பின்னால் நம் ஆட்களையும் அங்கே இழுத்தன. இப்போது அந்தத் தெருவில் கிடைக்கிற ஒரே புல், பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல். நானும் வாங்குவேன்.

2020 ஏப்ரலில் எல்லாம் நின்றது. விடுதிகளில் எங்கள் ஆட்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். நோய் வந்தவர்கள், வராதவர்கள், ஊருக்குப் பேசி அழுதவர்கள். அந்த மாதங்களைப் பற்றி வேறொரு சமயம் எழுத வேண்டும். வெட்ட ஆளில்லாத தீவில் புல் முழங்காலைத் தாண்டியது. புளோக்குகளுக்கு நடுவில் ஊதாவும் மஞ்சளுமாகக் காட்டுப்பூக்கள், அவற்றின் மேல் பட்டாம்பூச்சி. வீட்டுக்குள் இருந்த ஜனங்கள் சன்னல் வழியாகப் பார்த்துப் படமெடுத்துப் போட்டார்கள். வெட்டுகிறவர்கள் இல்லாமல் போன பிறகுதான் வெட்டாத புல் அழகு என்று இந்த ஊருக்குத் தெரிந்தது. எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, கசப்பும் உண்டு. வேலை திரும்பத் தொடங்கியபோது சில இடங்களைத் தேசியப் பூங்காக் கழகம் அப்படியே விட்டுவைக்க முடிவு செய்தது. பத்து வருஷம் கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் நடந்திருக்காது.

புகார்கள் இன்னும் வருகின்றன. பாம்பு வரும், கொசு வரும் என்பார்கள். பாம்பு வரத்தான் செய்யும், அதற்கும் இருக்க இடம் வேண்டுமே. டெங்கிக் கொசு முட்டையிடுவது தேங்கிய தெளிந்த தண்ணீரில். பூச்சாடித் தட்டிலும், புல்லுக்குள் வீசிய பிளாஸ்டிக் டப்பாவிலும். டப்பாவைப் பொறுக்கினால் போதும், புல்லை மொட்டையடிக்க வேண்டாம்.

ஜெர்மனியில் வைக்கோல் அறுப்பதற்கு முன்னால் வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோனை விட்டு, வயலில் ஒளிந்திருக்கிற மான்குட்டியைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். நமக்கு டிரோன் வேண்டாம், கோல் போதும். இப்போது மெஷின் பிடிக்கிற தம்பிகளுக்கும் அவர்களை அனுப்புகிற கம்பெனிகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காட்டோரத்தில் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருவர் கோலோடு முன்னே நடக்கட்டும். ஒரே நாளில் முழுப் பட்டையையும் வெட்டாதீர்கள்; இந்த முறை பாதி, அது தழைத்த பிறகு மீதி. வெட்டத் தொடங்குவது சாலைப் பக்கத்திலிருந்து காட்டுப் பக்கமாக இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே இருப்பது சாலைக்கு ஓடாது. மண்டாய்ப் பக்கம் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள், மானைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், தீனி போடாதீர்கள். தீனி போடுவது 2020இலிருந்து சட்டப்படியும் குற்றம்.